மிச்சம் பிறகு ஒட்டலாம்

மன்னார்த் தீவில் நான் மிட்வைஃபாக வேலை செய்த ஆறு வருஷத்தில் முழு மிருகங்களைக் கண்டது மிகக் குறைவு. கிளினிக் நாளில் பாயில் வரிசையாகக் குழந்தைகளைக் கிடத்துவார்கள். ஒரு சட்டையில் சிங்கம் இருக்கும், ஒரு காது இராது. பக்கத்துச் சட்டையில் யானை, அதற்கு வால் இராது. மூன்றாவதில் முயல், மீசை ஒரு பக்கம் மட்டும். நான் ஊருக்குப் புதிது. மிருகங்களைப் பற்றி ஏதோ விழிப்புணர்வு வாரம் நடக்கிறதாக்கும் என்று நினைத்தேன். வருஷத்துக்கு ஏழெட்டு விழிப்புணர்வு வாரம் பார்க்கிற எங்களுக்கு அது ஒன்றும் பெரிய சந்தேகமல்ல.

பிறகுதான் தெரிந்தது, அத்தனையும் பள்ளிமுனைக் கிராமத்தில் இருந்த ஒரு பெண்ணின் கைவேலை என்று. வயது ஐம்பதைத் தாண்டியவர். நான் அக்கா என்பேன், அவர் என்னை மிஸ் என்பார். அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. எழுதிக் கொண்டுபோய்க் காட்டினாலும், முதலில் அதில் என்ன பிழை என்றுதான் பார்ப்பார்.

சண்டைக் காலத்தில் தமிழ்நாட்டு முகாமுக்குப் போன குடும்பம். அங்கேயிருந்து திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போயிருக்கிறார். சட்டைகளில் சூடு காட்டிப் படம் ஒட்டுகிற பகுதி. ஊருக்குத் திரும்பும்போது மற்றவர்கள் சேலையும் எவர்சில்வர்ப் பானையும் கொண்டுவர, இவர் அரிசி மூட்டைப் பாரத்தில் ஒரு பழைய ஹீட் பிரஸ்ஸைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். இது என்ன என்று கேட்ட சுங்க அதிகாரியிடம் ரொட்டி சுடுகிற மிஷின் என்று சொன்னாராம். எத்தனை பேருக்கு ரொட்டி என்று அவர் கேட்கவில்லை போலும்.

ஊருக்கு வந்த பிறகு ஒரு நிறுவனம் வாழ்வாதார உதவி என்று பத்துக் கோழி கொடுத்தது. கோழி வளர்க்கத் தெரியாது, படம் வெட்டி ஒட்டுகிற ஷீற் வாங்கித் தாருங்கள் என்று இவர் கேட்டார். திட்டத்தில் கோழிதான் இருக்கிறது என்று சொல்லிப் படமும் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு மாதத்தில் கோழிகளை நாய் பிடித்து முடித்தது. அந்தப் படம் மட்டும் அவர் வீட்டு அலுமாரிக் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. பத்துக் கோழியும் அவரும். அதில் அவர் சிரிக்கவில்லை, கோழிகள் சந்தோஷமாக இருந்தன.

வேலை இப்படித்தான். சூடு காட்டினால் துணியோடு ஒட்டிக்கொள்ளும் வைனில் ஷீற். ஒரு பக்கம் நிறம், மற்றப் பக்கம் கண்ணாடித்தாள். படத்தைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலம் மாற்றிக் கீறி, நிறத்தை மட்டும் பிளேட்டால் வெட்டி, வேண்டாததை ஊசியால் கிள்ளி எடுக்க வேண்டும். கண்ணாடித்தாள் மேலே வரத்தக்கதாகத் துணியில் வைத்து, அதற்கு மேல் கேக் சுடுகிற பேப்பர் ஒன்றை விரித்து, பிரஸ்ஸை இழுத்து மூட வேண்டும். ஆறிய பிறகு தாளை உரித்தால் சிங்கம் சட்டையில் இருக்கும். வெளியூர்களில் இதை வெட்ட மிஷின் இருக்கிறது. இங்கே அவருடைய கைதான்.

சிங்கம் என்று சொன்னேன். அது ஒரு மரியாதைக்கு. அவர் மேசைக்கு முன்னால் ஒரு யன்னல், யன்னலுக்கு வெளியே றோட்டு, றோட்டில் மன்னார்க் கழுதைகள். காலையில் வந்து நின்றால் மதியம்வரை அப்படியே நிற்கும். இப்படி அசையாமல் நிற்கிற மொடல் பட்டணத்து ஓவியர்களுக்கும் கிடைக்காது. ஆகவே சிங்கம் கேட்டால் பிடரி வைத்த கழுதை வரும். யானை கேட்டால் மூக்கு நீண்ட கழுதை. கரடி கேட்ட ஒரு வாத்தியாருக்குக் குளிருக்குப் போர்த்த கழுதை கிடைத்தது. அவர் முறைப்பட்டபோது, "நீங்கள் கரடியை நேரில கண்டனீங்களோ சேர்?" என்று கேட்டார். வாத்தியார் காணவில்லை. "அப்ப இது அதில்லை எண்டு எப்பிடிச் சொல்லுறீங்கள்?"

பெயர் போடச் சொல்லிக் கேட்ட ஒரு தகப்பனின் கதை இதைவிட மோசம். மிருகம் எந்தப் பக்கம் பார்த்தாலும் மிருகம்தான், எழுத்து அப்படியல்ல. இடம் வலம் மாற்றாமல் வெட்டிவிட்டார். பெயர் மறுபுறமாக ஒட்டியது. தகப்பன் சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றபோது, பிள்ளை கண்ணாடியில் பார்த்துத் தன் பெயரைத் தானே வாசிக்கட்டும், மற்றவைக்கு அது என்னத்துக்கு என்று சொல்லி அனுப்பினார். அந்த மனுஷனும் போய்விட்டான். அது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

ஒவ்வொரு சட்டையோடும் ஒரு பாடம் சொல்லுவார். உட்புறம் வெளியே வரத் திருப்பித் தோய்க்க வேண்டும். படத்தின் மேல் நேரே அயன் பிடிக்கக் கூடாது, பேப்பர் வைக்க வேண்டும். தடுப்பூசி பற்றி நான் சொல்வதைச் சனங்கள் எப்படிக் கேட்பார்களோ அப்படியே அதையும் கேட்பார்கள். தலையாட்டுவார்கள், போவார்கள்.

இனி அந்தக் குறைந்த காது, இல்லாத வால் விஷயத்துக்கு வருகிறேன்.

பிறக்க முன்னம் பிள்ளைக்கென்று ஒரு சாமானும் வாங்கக் கூடாது என்பதில் மன்னாரில் வேதக்காரர், சைவக்காரர், முஸ்லிம்கள் எல்லாரும் ஒரே கட்சி. இவ்வளவு ஒற்றுமையை வேறெந்த விஷயத்திலும் நான் அங்கே பார்த்ததில்லை. பிறந்தவுடன் சுற்றப் பழைய வேட்டித் துண்டுதான். புதுச் சட்டை முப்பத்தோராம் நாளோ நாற்பதாம் நாளோ ஞானஸ்நானத்துக்கோ, அவரவர் வழக்கப்படி. ஆனால் லண்டனிலும் கனடாவிலும் இருக்கிற சித்திமாருக்கு இதெல்லாம் மறந்துபோய்விட்டது. ஆறாம் மாதமே வட்ஸ்அப்பில் ஓடர் வந்துவிடும். தொப்பி, சட்டை, கையுறை, காலுறை, எல்லாவற்றிலும் ஒரே மிருகம்.

அவர் ஓடரை மறுப்பதில்லை. வெட்டுவார், ஒட்டுவார், ஒரு துண்டை மட்டும் எடுத்து வைத்துவிடுவார். அந்தத் துண்டு ஒரு பழைய பிஸ்கட் ரின்னுக்குள் போகும். ஏன் என்று கேட்டால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பொய். கறுப்பு ஷீற் முடிஞ்சுது. கரண்ட் நிண்டிட்டுது. கை நோகுது. கடைசியில் எல்லாருக்கும் பொதுவாக ஒரே வசனம்: "மிச்சம் பிறகு ஒட்டலாம். பிள்ளையைக் கொண்டு வாங்கோ."

கொண்டு போனால் பிள்ளையை ஒரு பார்வை பார்ப்பார். வடிவான பிள்ளை என்று ஒருநாளும் சொன்னதில்லை. மூக்கு சப்பை, காது விசிறி மாதிரி, தகப்பனின் முழி என்று மூன்று குறை சொல்லுவார். பிறகு ரின்னைத் திறந்து அந்தத் துண்டைத் தேடி எடுத்து ஒட்டிக் கொடுப்பார். பாதிப் பேர் கொண்டு போகப் பஞ்சிப்பட்டு அப்படியே விட்டார்கள். சோம்பலுக்கு எங்கள் பக்கத்துச் சொல் பஞ்சி. அந்தப் பாதிப் பேரின் பிள்ளைகள்தான் என் கிளினிக் பாயில் காதில்லாத சிங்கத்தோடு கிடந்தவர்கள்.

எனக்கு இது பொறுக்கவில்லை. நான் படித்தவள். மூடநம்பிக்கை பற்றி மாதாந்தக் கூட்டத்தில் அரை மணித்தியாலம் பேசியிருக்கிறேன், ஒருவர்கூடத் தூங்கவில்லை. ஒருநாள் மத்தியானம் பள்ளிமுனையில் வீட்டுத் தரிசிப்பு முடித்துவிட்டு அவரிடம் போனேன்.

"அக்கா, சும்மா கேக்கிறன். ஏன் ஒண்டையும் முடிச்சுக் குடுக்கிறேல்ல?"

ஊசியால் ஒரு முயலின் கால்விரல்களைக் கிள்ளிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ஒருக்கா முடிச்சனான் மிஸ். முகாமில இருக்கேக்க, தங்கச்சிக்கு. கம்பெனியில மிஞ்சின துண்டுகளைக் கொண்டுவந்து தொப்பி, சட்டை, எல்லாம். முயல். மீசை ரெண்டு பக்கமும் மூண்டு மூண்டு. ஒரு குறையும் சொல்லேலாது. எல்லாம் முடிஞ்சுது. பிள்ளைதான் வரேல்ல."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். ஆனால் படித்தவள் அல்லவா. கர்ப்ப காலத்தில் இரத்த அழுத்தம் கூடினால் என்ன நடக்கும், சிறுநீர் ஏன் சோதிக்கிறோம், கால் வீக்கம் என்றால் என்ன என்று விளக்கினேன். அவர் முழுவதையும் கேட்டார்.

"ஓம் மிஸ். பிறஷர் எண்டுதான் டொக்டரும் சொன்னவர். நான் இல்லையெண்டு சொன்னனானே? ஆனா பிறஷரை நான் ஒண்டும் செய்யேலாது. வாலை ஒட்டாமல் விடலாம். அது என்ர கையில கிடக்கு."

முயலின் விரல்களை முடித்து, மீசையை ரின்னுக்குள் போட்டு மூடினார். நான் குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த கூட்டத்தில் இந்த உதாரணத்தைச் சொல்லலாமா என்று யோசித்ததும் உண்மை. அப்போது நான் அப்படிப்பட்ட ஆள்.

அதற்கு அடுத்த வருஷம் தோட்டவெளியில் ஒரு பெண்ணுக்குக் குறைமாதத்தில் பெண் குழந்தை பிறந்தது. அதற்கு முதல் இரண்டு தரம் வயிற்றிலேயே இழந்தவள். இருபத்தாறு வயது. புருஷன் கடலுக்குப் போகிறவன், பேச்சுக் குறைவு. குழந்தை ஒரு கிலோ முந்நூறு கிராம். நாலு கிழமை ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, ஒரு கிலோ எண்ணூறு வந்ததும் வீட்டுக்கு விட்டார்கள். குழந்தையைத் தாயின் நெஞ்சோடு தோலுக்குத் தோலாகக் கட்டி வைத்திருக்க வேண்டும். அதற்குக் கங்காரு முறை என்று பெயர். அவள் நாள் முழுக்க அப்படியே கதிரையில் சாய்ந்திருந்தாள். மூச்சு விடுகிறதா என்று பார்க்கக் குனிந்து குனிந்து அவளுடைய கழுத்து ஒரு பக்கம் பிடித்துவிட்டது.

"ரெண்டரைக் கிலோ வந்திட்டால் பயமில்லை" என்று சொல்லி வைத்தேன். அவளுக்கு உலகத்தில் அந்த ஒரு இலக்கம்தான் இருந்தது. நான் தராசைத் தூக்கிக்கொண்டு படலையைத் திறந்தால் என் முகத்தைப் பார்க்க மாட்டாள், தராசைத்தான் பார்ப்பாள்.

ஒருநாள் கேட்டாள், "மிஸ், அந்தப் பள்ளிமுனை அக்காவிட்டைச் சொல்லி ஒரு கங்காரு செய்விச்சுத் தருவீங்களோ? பெரிசானாப் பிறகு போட."

சொன்னேன். அக்கா கங்காருவை நேரில் கண்டவரல்ல, நானும் அல்ல. என் போனில் படம் காட்டினேன். ஒரு கிழமையில் சட்டை வந்தது. பின்னங்காலில் எழும்பி நிற்கிற ஒரு கழுதை. வயிற்றில் மஞ்சள் நிறத்தில் ஒரு பை. பைக்குள் ஒன்றும் இல்லை.

"குட்டி எங்கை அக்கா?"

"குட்டி பிறகு ஒட்டலாம்."

"எப்ப?"

"நீங்கள் எப்ப பயமில்லை எண்டு சொன்னனீங்கள்?"

"ரெண்டரைக் கிலோவில."

"அப்ப ரெண்டரைக் கிலோவில."

தோட்டவெளிப் பிள்ளை, தாயைத்தான் அப்படிச் சொல்கிறேன், அந்தச் சட்டையைக் கதிரைக்கு எதிரே சுவரில் ஆணியில் கொழுவி வைத்தாள். நாள் முழுக்க அவள் பார்க்கிறது அதைத்தான். வெறும் பை. இரண்டாம் கிழமை நான் போனபோது நிறை ஒரு கிலோ தொள்ளாயிரம். கொஞ்சமென்றாலும் ஏற்றம்தான் என்று சொன்னேன். அவள் சுவரைப் பார்த்து அழுதாள்.

"எந்த நேரமும் அந்தப் பை வெறுமையாக் கிடக்கிறதைப் பார்க்க ஏலாமல் கிடக்கு மிஸ்."

அப்படியானால் கழற்றி வை என்று சொல்லியிருக்கலாம். அது எனக்குத் தோன்றவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு பிள்ளை பறிகொடுத்தவளுக்கு முன்னால் வெறும் பையை மாட்டி வைக்கிற இந்த முட்டாள்தனத்துக்கு இன்றைக்கே ஒரு முடிவு என்று சைக்கிளைத் திருப்பினேன்.

அக்கா வீட்டில் இல்லை, கோயிலுக்குப் போயிருந்தார். கதவு சும்மா சாத்தியிருந்தது. ரின் மேசையில் இருந்தது. திறந்தேன். உள்ளே காதுகள், வால்கள், மீசைகள், ஒரு கொம்பு, ஒவ்வொன்றிலும் சின்னக் கடதாசியில் ஊரும் வீட்டுக்காரர் பெயரும். சில கடதாசிகள் பழுத்துப்போயிருந்தன. அதில் இரண்டு பெயர்கள் எனக்குத் தெரியும். அந்த வீடுகளில் நான் குழந்தையை நிறுக்கப் போகவில்லை, தாயைப் பார்க்க மட்டும் போனேன். அவர் அவற்றைக்கூட எறியவில்லை.

அந்த இடத்திலாவது நான் ரின்னை மூடியிருக்கலாம். தோட்டவெளி என்று எழுதிய குட்டியை எடுத்துக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். அரசாங்க உத்தியோகத்தர் செய்கிற வேலையா இது என்று கேட்டால், இல்லை.

தோட்டவெளிப் பிள்ளையின் வீட்டில் அயன் இருந்தது. சட்டையை மேசையில் விரித்து, பைக்கு மேல் குட்டியை வைத்து, அயனை நன்றாகச் சூடாக்கி நேரே வைத்து அமத்தினேன். எத்தனையோ வீடுகளுக்கு அவர் பாடம் சொன்னபோது பக்கத்தில் நின்றவள் நான். பேப்பர் வைக்கவில்லை. தடுப்பூசி பற்றி நான் சொல்வதைச் சனங்கள் கேட்பது போலத்தான் நானும் கேட்டிருக்கிறேன். அயனைத் தூக்கியபோது குட்டி சட்டையில் இல்லை. கறுத்துச் சுருண்டு அயனில் ஒட்டியிருந்தது. கங்காருவின் வயிறும் உருகி இழுபட்டு, பை இருந்த இடத்தில் மஞ்சள் கறைதான் மிச்சம்.

அவள் குழந்தையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை புருஷன் போன் எடுத்தான். "பிள்ளை பால் குடிக்குதில்லை மிஸ். கை கால் குளிர்ந்துபோய்க் கிடக்கு." ஓட்டோவில் ஏற்றச் சொல்லிவிட்டு நானும் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். நெஞ்சில் சளி. முதல் நாளுக்கு முதல் நாள் இருமலோடு ஒரு மாமி வந்து குழந்தையைத் தூக்கி முத்தமிட்டிருக்கிறார். காரணம் தெளிவு. ஒரு மிட்வைஃபுக்கு அதைவிடத் தெளிவான காரணம் கிடைக்காது.

ஆனால் கண்ணை மூடினால் அயனில் சுருண்ட குட்டிதான் தெரிந்தது. எனக்கு அப்போது இருபது வருஷ சேவை. இருபது வருஷமும் படித்ததெல்லாம் ஒரு வைனில் துண்டுக்கு முன்னால் சுருண்டு போனது. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

பின்னேரம் அந்த வீட்டு அயனைப் பையில் போட்டுக்கொண்டு பள்ளிமுனைக்குப் போனேன். களவெடுத்ததையும் எரித்ததையும் சொன்னேன்.

"நேரே அயன் பிடிச்சனீங்களோ?"

"ஓம்."

"பேப்பர்?"

"வைக்கேல்ல."

"அதுதான்." அயனை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "ஆறினாப் பிறகு சுரண்ட வெளிக்கிட்டால் கீறு விழும். சூடாக்கி உப்பில தேய்க்கோணும்."

"அக்கா, பிள்ளை ஆஸ்பத்திரியில."

"தெரியும். அது சளி."

நான் அவர் கையிலிருந்த அயனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்கள்தானே மிஸ் சொல்லித் திரியிறனீங்கள், தடிமன் இருமலோட வாற ஆக்களைப் பிள்ளைக்குக் கிட்ட விடாதேங்கோ எண்டு. அயனுக்கும் சளிக்கும் என்ன சம்மந்தம்?"

"உங்களுக்கு அந்த நம்பிக்கை இருக்கெண்டு நினைச்சன்."

"எனக்கு இருக்கு. உங்களுக்கு என்னத்துக்கு? ஆளுக்கொரு வேலை. நீங்கள் நிறையைப் பாருங்கோ, நான் வாலைப் பார்க்கிறன்."

ஒரு கடதாசியில் உப்பைப் பரப்பி, சூடாக்கிய அயனை அதில் தேய்க்கத் தொடங்கினார். கறுப்புக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. நான் கதிரையில் இருந்து அழுதேன். அவர் தேய்த்துக்கொண்டே இருந்தார். அழுது முடிய அயனைத் தந்து, வயர் பழுதாய்ப் போயிருக்கிறது, மாற்றச் சொல்லுங்கோ என்றார்.

குழந்தை ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் பால் இழுக்காமல் கிடந்தது. அந்த ஒன்பது நாளும் அவர் ஒரு மிருகமும் வெட்டவில்லை என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ஓடர் கேட்டு வந்தவர்களுக்கு மிஷின் பழுது என்று சொல்லியிருக்கிறார். பத்தாம் நாள் குழந்தை திரும்பப் பால் இழுக்கத் தொடங்கியது. போனில் அவருக்குச் சொன்னேன். "ம்" என்றார், வைத்துவிட்டார்.

புதுச் சட்டையில் புதுக் கங்காரு வந்தது. பை வெறுமைதான். இந்த முறை தோட்டவெளிப் பிள்ளை அதைப் பார்த்து அழவில்லை. என் குட்டியின் கதியைப் பார்த்த பிறகு வெறும் பை அவளுக்குப் பரவாயில்லாமல் போயிருக்க வேண்டும். அதற்கு முன்னால் இருந்து பால் கொடுத்தாள். கிழமைக்குக் கிழமை நான் நிறுத்தேன். இரண்டு கிலோ. இரண்டேகால். கடைசியில், இந்தக் கிழமை தாண்டிவிடும் என்று நான் சொன்ன நாளில், பள்ளிமுனையிலிருந்து ஓர் ஓட்டோ வந்து நின்றது. அக்கா இறங்கி, ஓட்டோக்காரனைக் கொண்டு அந்த ஹீட் பிரஸ்ஸை இறக்குவித்தார். யார் வீட்டுக்கும் அதைக் கொண்டு போனவரல்ல.

தராசில் போட்டேன். இரண்டு கிலோ நானூற்று எண்பது.

"இருபது கிராம்தானே அக்கா. ஒட்டுங்கோ."

"உங்கட கிளினிக் கார்டில ரெண்டரை எண்டு எழுதுவீங்களோ?"

"அதெப்பிடி எழுதுறது?"

"அப்ப நானெப்பிடி ஒட்டுறது?"

பிரஸ்ஸைத் திரும்ப ஏற்றச் சொல்லி ஓட்டோவில் ஏறிப் போய்விட்டார். ஓட்டோக்காரன் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன், இதில் எனக்கு ஒரு பங்கும் இல்லாதபோதும்.

அடுத்த கிழமை திரும்ப வந்தார். இரண்டு கிலோ அறுநூற்றைம்பது. இலக்கத்தை அவரும் குனிந்து பார்த்தார், என் வாயை நம்பாமல். குட்டியைப் பைக்கு மேல் வைத்து, பேப்பரை விரித்து, அதை எனக்கு நன்றாகத் தெரிகிற மாதிரிக் காட்டி, பிரஸ்ஸை மூடினார். ஆறும்வரை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். கண்ணாடித்தாளை உரித்தபோது பைக்குள் ஒரு சின்னக் கழுதை, காது இரண்டும் வெளியே.

பிறகு குழந்தையைக் கையில் வாங்கினார். வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார்.

"என்ன முகமடி இது, எங்கட றோட்டில நிக்கிற கழுதைக்குட்டி மாதிரி."

அந்தத் தாய் சிரித்ததை அன்றைக்குத்தான் நான் முதல்தடவை பார்த்தேன். அவளுடைய புருஷன் வெளியே போய் வேலியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான்.

அடுத்த வருஷம் எனக்கு வவுனியாவுக்கு மாற்றம் வந்தது. கந்தோரில் ஒரு பிரியாவிடை வைத்தார்கள். என்னைப் பற்றி எனக்கே தெரியாத நல்ல விஷயங்களை நாலு பேர் பேசினார்கள். அக்கா வரவில்லை. புறப்படுகிற அன்று நான்தான் போனேன். மேசைக்குக் கீழேயிருந்து தராசு வைக்க ஒரு துணிப்பை எடுத்துத் தந்தார். அதில் ஒரு கழுதை. அவர் கழுதை என்று நினைத்தே வெட்டிய முதல் கழுதை அதுதான். அதனாலோ என்னவோ கொஞ்சம் குதிரை மாதிரி இருந்தது. வால் இல்லை.

"நான் பிள்ளைத்தாய்ச்சியோ அக்கா, எனக்கேன் குறை?"

"மிச்சம் பிறகு ஒட்டலாம். வாங்கோ."

வாறன் என்றேன். வவுனியாவுக்கும் மன்னாருக்கும் பஸ்ஸில் இரண்டரை மணித்தியாலம். நாலு வருஷமாக எனக்கு அந்த இரண்டரை மணித்தியாலம் கிடைக்கவில்லை. கல்யாண வீடுகளுக்குக் கிடைத்தது, கண் டொக்டரிடம் போகக் கிடைத்தது. பையை மட்டும் தினமும் தோளில் போட்டேன், கண்டபடி தோய்த்தேன். கழுதையின் ஒரு கண் வெடித்துவிட்டது.

போன கிழமை தோட்டவெளிப் பிள்ளை போனில் ஒரு படம் அனுப்பினாள். மகள் முன்பள்ளிச் சீருடையில் நிற்கிறாள், காது இரண்டும் விசிறி மாதிரித்தான். பின்னால் கதிரையில் அக்கா. மெலிந்திருந்தார், கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். படத்துக்குப் பிறகு ஒரு குரல் பதிவு வந்தது.

"மிஸ், அக்காவுக்குக் கண் பார்வை மங்கிப் போச்சுது. இனி வெட்ட ஏலாது எண்டு பிரஸ்ஸைத் தையல் படிக்கிற பிள்ளையளுக்குக் குடுத்திட்டா. ரின்னையும் கொட்டித் துப்புரவாக்கினவ, நான்தான் பக்கத்தில இருந்து பேர் வாசிச்சனான். ஒவ்வொண்டாக் கேட்டுக் கேட்டு எல்லாத்தையும் அடுப்புக்க போட்டிட்டா. பேர் எழுதாத ஒரு வாலை மட்டும் திரும்ப ரின்னுக்க வைச்சவ. பிரஸ் குடுத்தாச்சே, இனி எப்பிடி ஒட்டுறதெண்டு கேட்டன். அயன் இருக்கு, பேப்பர் இருக்கு, வாறவவுக்கு ஒட்டத் தெரியும், ஒருக்காப் பழகினவ எண்டு சொல்லுறா. அது ஆரின்ர வாலெண்டு கேட்டன். இதுக்குரிய ஆள் உயிரோடதான் இருக்கு, வரப் பஞ்சி எண்டு சொல்லுறா. ஆரெண்டு தெரியுமோ மிஸ்?"

அதை மூன்று தரம் போட்டுக் கேட்டேன். பிறகு பதில் அனுப்பினேன், அது என்ர வால், ஒருத்தரும் தொட வேண்டாம் என்று.

சனிக்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். பையைத் தோய்த்துக் கொடியில் போட்டிருக்கிறேன், உட்புறம் வெளியே வரத் திருப்பி.